ஒரு நாள் பிந்தி வந்த சத்தம்

சத்தியம். நான் சொல்லப்போகிற ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடத்தைக் கொளுத்தி என் உள்ளங்கையில் வையுங்கள், அணைத்துக் காட்டுகிறேன். ஏற்கெனவே மூன்று தடவை அணைத்திருக்கிறேன், அதில் இரண்டு பொய், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது அந்த மூன்றாவதோடு சேர்ந்தது. என் பல்லின் மேல் ஆணை என்று சொல்லியிருப்பேன், இருந்த கடைசிப் பல்லும் போன தையில் ஒரு முறுக்கோடு போய்விட்டது. ஆகவே ஈறின் மேல் ஆணை.

எங்கள் ஊர் வாகைக்களம், மணப்பாறைக்குத் தெற்கே, வீட்டுக்கு வீடு மாட்டுத் தரகன். அன்றைக்கு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மறுநாள் சந்தை, இரவு ஏழே முக்கால் மணி. நான் எங்கே நின்றேன் என்று கேட்பீர்கள். சங்கிலி வீட்டுக் கொல்லையில், கிணற்றை ஒட்டின முருங்கை மரத்தடியில் நின்றேன். சங்கிலி எனக்கு அண்ணன் மகன் முறை. அந்த மரத்தில் எனக்கு இருபது வருஷத்துப் பாத்தியதை உண்டு. கேட்காமல் எடுத்துக்கொள்வதைத்தான் பாத்தியதை என்கிறேன். சாயங்காலமோ இருட்டின பிறகோ, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய் ஐந்து காய் பறிப்பேன், இரண்டு கையிலும் காய் இருப்பதால் கிணற்றடி வேலியின் மூங்கில் படலை இடுப்பால் தள்ளிக்கொண்டு என் வீட்டுக்குக் குறுக்கே போய்விடுவேன்.

மூன்றாவது காயில் கை வைத்தபோது கிழக்கே விடிந்தது. விடிந்தது என்றால் சொல்லுக்குச் சொல்லவில்லை; அய்யனார் கோயில் பக்கமிருந்து ஒரு நெருப்பு உருண்டை, தலை பச்சையாக, நடு வெள்ளையாக, வால் கங்கு நிறத்தில் இழுத்துக்கொண்டு வர, என் காலடியில் எறும்புப் புற்றின் வாய் தெரிந்தது, எறும்பு தூக்கிப்போன நொய் தெரிந்தது, மரத்தின் நிழலும் என் நிழலும் கிணற்றின் நிழலும் கடிகார முள் மாதிரிச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்கே போயின, சேவல்கள் கழுத்தை நீட்டின, காக்கைகள் புளியமரத்தை விட்டு மொத்தமாக எழும்பின, லாரியில் ஏறிக்கொண்டிருந்த காளைகள் பலகையில் ஒரு கால் தரையில் ஒரு கால் என்று அப்படியே நின்றன; அது ஊரின் உச்சியைக் கடந்து மலைக்கு மேலே போய் மூன்றாக உடைந்து, மூன்றும் சிவந்து, அணைந்தது.

சத்தமே இல்லை.

மின்னலுக்குப் பின்னால் இடி வரும் என்று பிறந்த பிள்ளைக்கும் தெரியும். ஊரே காதில் விரலைச் செருகிக்கொண்டு நின்றது. பள்ளிக்கூடத்து ரெஜினா டீச்சர் தன் வாசலில் நின்று, பொறுங்கள், அது ரொம்ப உயரத்தில் போனது, சத்தம் வரச் சில நிமிஷம் ஆகும் என்று கையால் ஜாடை காட்டினாள். நின்றோம். பத்து நிமிஷம். அரை மணி நேரம். கடைசியில் கை வலித்து விரலை எடுத்தோம். எடுத்த பிறகுதான் தெரிந்தது, அந்தச் சத்தம் மட்டுமல்ல, எந்தச் சத்தமும் வரவில்லை. மாடு வாயைத் திறக்கிறது, கத்தல் இல்லை. லாரி நடுங்குகிறது, உறுமல் இல்லை. ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு, இது செவிடா ஊமையா என்று தெரியாமல், மஞ்சள் பாலைக் குடித்துவிட்டுப் படுத்தோம்.

மறுநாள் இரவு ஏழே முக்காலுக்கு, வானத்தில் ஒன்றுமே இல்லாதபோது, ஊர் முழுக்க ஒரே நேரத்தில் "ஐயையோ!" என்றது. யாரும் வாய் திறக்கவில்லை. முந்தின நாள் போட்ட கூப்பாடு இப்போது வந்தது. அவரவர் நின்ற இடத்தில், அவரவர் குரலில், சேவல் கூவல் சேவல் இருந்த கூரையில், காக்கைக் கூச்சல் புளியமரத்தில். முருங்கை மரத்தடியிலிருந்து, "அட உன் அப்பனே!" என்று என் குரல் வந்ததையும் சங்கிலியின் பெண்டாட்டி பொன்னழகு கேட்டுவிட்டாள். அன்றைக்குத்தான் இருபது வருஷத்துப் பாத்தியதை அம்பலமானது. அதற்காகப் போவதை நான் நிறுத்திவிடவில்லை.

ஆக, கணக்கு இவ்வளவுதான்: எங்கள் ஊருக்குள் எழும்பின எந்தச் சத்தமும் மறுநாள் அதே நேரத்தில், எழும்பின இடத்திலேயே கேட்கும். ஊர் எல்லைக்கல்லைத் தாண்டி வெளியே போனால் பேச்சு அப்போதைக்கப்போதே கேட்கும். ஏன் இப்படி என்று டீச்சர் கரும்பலகையில் ஏதேதோ அம்பு போட்டுப் பார்த்து, அழித்துவிட்டாள். லாரி டிரைவர்கள்தான் தெளிவாகச் சொன்னார்கள். "பெரிய வண்டி சந்துல மாட்டிக்கிச்சுன்னா பின்னாடி வர்ற சைக்கிளும் நிக்கத்தானே வேணும்? அந்த நெருப்போட சத்தம் எங்கயோ மாட்டிக்கிட்டு நிக்குது. அது நகந்தாத்தான் நம்ம சத்தம் நகரும்." இதற்கு மேல் யாரும் ஆராயவில்லை. வேலை கிடந்தது.

முதல் வாரம் குழம்பினோம். இரண்டாவது வாரமும் குழம்பினோம், ஆனால் ஒழுங்காகக் குழம்பக் கற்றுக்கொண்டோம். பூசாரி நாளைய பூசைக்கு இன்றைக்கே மணி அடித்து வைத்தார். டீச்சர் திங்கட்கிழமை நடத்தின பாடத்தைச் செவ்வாய்க்கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்து தானும் கேட்டு, அதில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துத் திருத்த, திருத்தம் புதன்கிழமை வந்தது. தலைவர் அடைக்கலம் கிராம சபையில் பேசின பேச்சு மறுநாள் காலி நாற்காலிக்குப் பின்னாலிருந்து கேட்டது, நாங்கள் தட்டின கை அதற்கும் மறுநாள் ஆளில்லாத மைதானத்தில் கேட்டது. வாழ்க்கையிலேயே தடங்கல் இல்லாமல் பேசி முடித்தது அந்தத் தடவைதான் என்று அவருக்கு ரொம்பத் திருப்தி. ஒரு கல்யாணம் நடந்தது. மேளக்காரர்கள் முதல் நாளே வந்து, மாப்பிள்ளையும் இல்லாத பெண்ணும் இல்லாத மண்டபத்தில் வியர்க்க வியர்க்கக் கெட்டிமேளம் கொட்டிவிட்டுப் போய், மறுநாள் சட்டை போட்டுக்கொண்டு விருந்தாளி மாதிரி வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். ஐயர் கையை ஆட்டின நொடியில் மேளம் சரியாக வந்து விழுந்தது. தவில்காரர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே தன் வாசிப்புக்குத் தானே தலையாட்டினார்.

சண்டை என்றால் எல்லைக்கல்லுக்குப் போவது என்று ஆயிற்று. "எல்லைக்கு வாடா" என்று ஜாடை காட்டுவான், இருவரும் சைக்கிளில் முன்னும் பின்னுமாகப் போவார்கள். ஒரு மைல் மிதிப்பதற்குள் பாதிப் பேருக்கு எதற்காகச் சண்டை என்பது மறந்துபோகும், அங்கே டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள்.

பவளாயிக் கிழவி செத்துப்போனாள். திருப்பூரில் வேலை பார்த்த மகன் துரைக்கண்ணு வந்து சேருவதற்குள் எடுத்துவிட்டோம். அவன் ஒரு நாள் பிந்தி வந்து வெறுங்கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான். மத்தியானம் இரண்டு மணிக்குக் கட்டிலிலிருந்து இருமல் வந்தது. பிறகு, "துரை வந்துட்டானா?" என்றது. அவன், "வந்துட்டேம்மா" என்று சொன்னது எங்களுக்கு வாய் அசைவாகத்தான் தெரிந்தது. மறுநாளும் அவன் அங்கேயே இருந்து, தன் பதிலையும் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினான். அதற்குப் பிறகு ஊரில் யாரும் அந்த நெருப்புருண்டையைத் திட்டவில்லை.

இதிலிருந்து ஒரு மரியாதை முளைத்தது. ஒருவர் உங்களைப் பார்த்து ஏதோ சொன்னார் என்றால், அந்த இடத்துச் சுவரிலோ தூணிலோ கரித்துண்டால் மணியைக் குறித்துவிட்டு, மறுநாள் அதே மணிக்குப் போய் நின்று கேட்க வேண்டும். போகாவிட்டால் முகத்தில் அடித்த மாதிரி. எங்கள் ஊர்ச் சுவரெல்லாம் கரிக்கோடு.

தரகர்களுக்கு மட்டும் அவ்வளவு கஷ்டமில்லை. எங்கள் தொழிலில் வாயால் விலை சொல்வது கிடையாது. இரண்டு பேர் கையும் துண்டுக்கு அடியில் போகும், விரலைப் பிடித்து அமுக்கிப் பேசுவோம், மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் முகம் அசையக்கூடாது. பேரம் படியாவிட்டால் கை வெடுக்கென்று வெளியே வரும். படிந்தால், வாங்குகிறவர் துண்டை உதறித் தன் தோளில் போட்டுக்கொள்வார். ஊரே இதைப் பழகிக்கொண்டது, இத்தனை இட்லி, இத்தனை படி தவிடு என்று எல்லாம் துண்டுக்குள். ஆனால் விரல்களில் எண் மட்டும்தான் உண்டு. கோபத்துக்கு விரல் கிடையாது. மன்னிப்புக்கும் கிடையாது.

இனிமேல்தான் கதை.

முப்பத்தாறாம் நாள் சாயங்காலம் நாலேகால் மணிக்குச் சங்கிலி வீட்டுக் கன்றுக்குட்டி கிணற்றில் விழுந்து செத்தது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு அது, வேலி போட்டுப் படல் வைத்திருந்தார்கள். படல் திறந்து கிடந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே படல் இதே மாதிரித் திறந்து கிடந்த ஒரு நாளில் அவர்கள் மகள் குயிலி, ஆறு வயசு, பந்தைத் தேடிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். அதற்கு மேல் அதைச் சொல்ல மாட்டேன். அந்த எட்டு வருஷமும் புருஷனும் பெண்டாட்டியும் படலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவ்வளவு நல்லவர்கள் என்று ஊர் சொல்லும்.

அன்றைக்குச் சங்கிலி ஓடிவந்து கன்றைப் பார்த்தான், பொன்னழகைப் பார்த்தான், வாய்க்கு வந்ததைச் சொன்னான். அவள் அவனுக்கு முதுகைக் காட்டிக் கிணற்றைப் பார்த்து நின்றிருந்தாள். பிறகு திரும்பி, அவன் வாய் ஓய்வதைக் கண்டு, கொட்டகைத் தூணில் கரியால் நாலேகால் என்று எழுதிவிட்டுக் கயிறு எடுக்கப் போனாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சங்கிலி என்னை எல்லைக்கல்லுக்கு இழுத்துப் போனான். கல்லைத் தாண்டினதும் பொலபொலவென்று அழுதான்.

"சித்தப்பா, சொல்லக்கூடாததைச் சொல்லிப்புட்டேன்."

"என்னடா சொன்னே?"

"அன்னைக்கும் நீதானடி படலைத் திறந்து போட்டேன்னு சொல்லிப்புட்டேன். எட்டு வருஷமாப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன் சித்தப்பா. நாளைக்கு அதைக் கேட்டா அவ அந்தக் கிணத்துலயே விழுந்துருவா."

"மேளத்தை வச்சு அமுக்கிருவோமாடா?"

"நாளைக்கு அடிக்கிற மேளம் நாளன்னைக்கில்ல கேக்கும்! அமுக்கணும்னா அந்த நேரத்துலயே யாராச்சும் கூட ஒரு சத்தம் போட்டிருக்கணும். நீங்க நாளைக்கு அவளை எங்கயாச்சும் கூட்டிப் போயிருங்க. உங்க சொல்லைத்தான் கேப்பா."

சரி என்றேன். விடிந்ததும் பொன்னழகு பால் செம்போடு என் வீட்டுக்கு வந்து, அதே எல்லைக்கல்லைக் கையால் காட்டினாள். போனோம்.

"சின்ன மாமா, இன்னைக்குச் சாயங்காலம் அவரு கொட்டகைப் பக்கம் வரக்கூடாது. மணப்பாறையில ஏதோ நல்ல மாடுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிருங்க."

"எதுக்கு ஆத்தா?"

"எதுக்குன்னா சொல்ற மாதிரி இல்லை. முருங்கைக்காய் திருடையில மட்டும் கேள்வி கேக்காம எடுத்தீங்கள்ல?"

சரி என்றேன். ஆக, அவளை நான் கூட்டிப் போக வேண்டும் என்று அவன், அவனை நான் கூட்டிப் போக வேண்டும் என்று அவள். இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்த நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. எனக்கும் தலை சுற்றியது. நாலு மணிக்கு வைக்கோல் போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். சங்கிலி சொன்னது எனக்குத் தெரியும். அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்பதுதான் தெரியவில்லை. தெரியாமல் இருக்க என்னால் முடியாது, இது என் வியாதி.

நாலு பத்துக்குச் சங்கிலி வேகமாக வந்தான், அவள் வந்துவிடவில்லையே என்று பார்க்க. நாலு பன்னிரண்டுக்கு அவள் ஓடிவந்தாள், அவன் வந்துவிடவில்லையே என்று பார்க்க. இருவரும் தூணுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக முட்டிக்கொண்டு நின்றார்கள். போ போ என்று அவன் கையை ஆட்டினான். நீங்க போங்க என்று அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள். அவன் அவள் காதைப் பொத்தப் போனான், அவள் அவன் காதைப் பொத்தப் போனாள், இரண்டு பேருக்கும் நாலே கைகள், ஒரு கை மற்றவர் கையைத் தட்டிவிடப் போக, ஒரு காது பொத்தினால் ஒரு காது திறந்தது. கடைசியில் அவன் என்ன நினைத்தானோ, தோள் துண்டை எடுத்து உதறி, அவள் வலது கையைப் பிடித்துத் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டான். தரகனுக்குக் கை துண்டுக்குள் போய்விட்டால் தைரியம் வரும். அவளும் தரகன் மகள்தான். முகத்தை அசைக்காமல் நின்றாள்.

நாலேகால்.

முதலில் கிணற்றுப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது, மெதுவாக, யாரும் கேட்கமாட்டார்கள் என்று பேசின குரல்.

"குயிலி, கோச்சுக்காதடி. அன்னைக்குத் திறந்து போட்டது உங்க அப்பாதான்னு நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லலை."

அது முடிவதற்குள் தூணுக்குப் பக்கத்திலிருந்து அவன் குரல் வந்தது.

"அன்னைக்கும் நீதானடி படலைத் திறந்து போட்டே!"

அதற்குப் பிறகு கன்றுக்குட்டி தண்ணீரில் ஒரு தரம் தத்தளித்த சத்தம். அவ்வளவுதான்.

இரண்டு முகமும் அசையவில்லை. எட்டு வருஷம் அவள் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். எட்டு வருஷம் அவன் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். நான் துண்டையே பார்த்தேன். துண்டு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. எட்டு வருஷத்துக்கு எந்த விரலைப் பிடிப்பார்கள், எனக்குத் தெரியாது, ஐம்பது வருஷம் தரகு பார்த்தவன் சொல்கிறேன், அந்தத் துண்டுக்குள் ஓடின பேரம் எனக்குப் பிடிபடவில்லை. பசு பாலுக்குக் கால் மாற்றி நிற்கிற நேரம் வரைக்கும் நின்றார்கள். எந்தக் கையும் வெடுக்கென்று வெளியே வரவில்லை. கடைசியில் பொன்னழகு துண்டை உருவி, ஒரு உதறு உதறி, தன் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அவன் பின்னாலேயே போனான்.

அவர்கள் போன பிறகு நான் கிணற்றடிக்குப் போனேன். படலைப் பார்த்தேன். அவன் திறந்து போடவில்லை என்று அவனுக்கு நிச்சயம். அவள் திறந்து போடவில்லை என்று அவளுக்கு நிச்சயம். அப்படியானால் எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சாயங்காலம் அந்த வழியாக வேறு யார் போனது? ஐந்து காய் கையில் இருந்தால் இடுப்பால் தள்ளின படல் தானாகச் சாத்திக்கொள்ளுமா? நேற்றைக்கு நான் போனேனா, முந்தாநாள் போனேனா? நினைத்து நினைத்துப் பார்த்தேன். சாத்தின மாதிரியும் இருக்கிறது, சாத்தாத மாதிரியும் இருக்கிறது.

மணி ஐந்து. கிணற்றுக்குள் தலையை நீட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். இப்போது சொன்னால் நாளைக்கு ஐந்து மணிக்கு அவள் தண்ணீர் இறைக்க வரும்போது கேட்கும், நான் அந்த நேரம் மணப்பாறை பஸ்ஸில் இருப்பேன் என்பதுதான் யோசனை. என் தைரியம் அவ்வளவுதான்.

ஆனால் அன்றைக்கு ராத்திரி ஏழே முக்காலுக்கு, முப்பத்தேழு நாள் மாட்டிக்கொண்டிருந்த அந்தச் சத்தம் வந்துவிட்டது. உலகமே இடிகிற மாதிரி வரும் என்று காத்திருந்தோம்; வாணலியில் ஒற்றைக் கடுகு வெடித்த மாதிரி, மலைக்கு அந்தப் பக்கம், "டிக்". அவ்வளவுதான். வழி திறந்ததும் பின்னால் காத்துக்கிடந்த ஒரு நாள் பேச்சும் இருமலும் கத்தலும் பஸ் ஹாரனும் பூசாரி மணியும் ஊர் முழுக்க ஒரே நொடியில் கொட்டியது. அந்தக் குவியலில் என் வார்த்தையும் கிணற்றுக்குள்ளிருந்து வந்திருக்கும். யார் காதில் விழுந்தது, விழவே இல்லையா, எனக்குத் தெரியாது.

மறுநாள் பேச்செல்லாம் உடனுக்குடன் கேட்டது. காலையில் பொன்னழகு என் வாசலுக்கு வந்தாள். தோளில் சங்கிலியின் துண்டு. கையில் முருங்கைக்காய், எண்ணிப் பார்த்தேன், ஐந்து. என் மடியில் வைத்தாள்.

"கேட்டா நாங்களே குடுக்க மாட்டமா, சின்ன மாமா?" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை, தரகன் மகள். நாலு எட்டு போனவள் திரும்பினாள். "அந்த வழியா வந்தா, படலைச் சாத்திட்டுப் போங்க."

அவளுக்குத் தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா? ஐயா, நீங்கள் படித்தவர்களாக இருந்தால் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். அந்த ஐந்து காயையும் நான் குழம்பு வைக்கவில்லை, காய்ந்து விறகாகி உறியில் கிடக்கிறது. நெருப்புருண்டையை ஊருக்கெல்லாம் சொல்லுங்கள், கல்யாண மேளத்தைச் சொல்லுங்கள், துரைக்கண்ணு கதையைச் சொல்லி நாலு பேரை அழவையுங்கள். வாகைக்களத்துப் பக்கம் போய்ச் சொன்னால், வைக்கோல் போருக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருந்தது என்று கட்டாயம் கேட்பார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரோ ஒருத்தர் சொன்னார், முகம் கவனிக்கவில்லை, பல் இருந்தது என்று சொல்லிவிடுங்கள்.